தெளிவும் தூய்மையும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

கலங்கிய நீரைத் தெளிய வைக்கும் முறையைத் தமிழர் தொன்றுதொட்டு அறிந்திருந்தனர். அன்று வீட்டுக் குடத்தினுள் நிகழ்ந்த அந்த வேதியியல், இன்று தொழிற்கூடங்களின் கழிவுநீர்த் தொட்டிகளில் பேரளவில் நிகழ்கிறது. ஆனால், கண்ணுக்குத் தெளிந்த நீர் எல்லாம் தூய நீர் ஆகிவிடுமா? மதுரையின் சாயத்தொட்டியில் தொடங்கித் திண்டுக்கல்லின் கிணறுகள், நொய்யலாற்றின் அணை ஆகியவற்றின் வழியே இவ்வினாவுக்கு விடை காண முயல்கிறது இப்பாடம்.

வைகைக் கரையில் ஒரு கைத்தொழில்

வருசநாட்டு மலைப்பகுதியில் தோன்றி, தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்களை வளப்படுத்தும் ஆறு வைகை. இதனை வையை என்று சங்க நூல்கள் குறிக்கின்றன. இன்று நமக்குக் கிடைத்துள்ள பரிபாடலின் இருபத்திரண்டு முழுப்பாடல்களுள் எட்டு, வையையைப் பற்றியவை. ஓர் ஆற்றுக்கு இத்துணை இடம் தந்த தொகைநூல் வேறில்லை.

இவ்வாற்றின் கரையில் வளர்ந்த மதுரை, கோயில் நகரமாக மட்டுமன்றித் துணித்தொழில் நகரமாகவும் விளங்கி வருகிறது. மதுரைக்குத் தென்கிழக்கே உள்ள கீழடியில் நடைபெற்ற அகழாய்வுகளில் நூல் நூற்கப் பயன்படும் தக்களிகளும், உறைகிணறுகளும், நீர் செல்லும் சுடுமண் குழாய்களும் கிடைத்துள்ளன. நூலும் நீரும் இம்மண்ணில் நெடுங்காலமாக இணைந்தே இருந்தன என்பதற்கு இவை சான்றாகும்.

நாயக்கர் காலத்தில் மதுரையில் குடியேறிய சௌராட்டிர மொழி பேசும் மக்கள் வளர்த்த சுங்குடித் தொழில், இந்நகரின் தனி அடையாளம். வெண்ணிறப் பருத்தித் துணியில் சிறுசிறு புள்ளிகளாக நூலால் இறுக்கி முடிச்சிடுவர். பின்னர்த் துணியைச் சாயத்தில் தோய்ப்பர். முடிச்சுக்குள் சாயம் புகாது. துணி உலர்ந்தபின் முடிச்சுகளை அவிழ்த்தால், வண்ணப் பரப்பில் வெண்புள்ளிகள் விண்மீன்கள் போல் தோன்றும். மதுரைச் சுங்குடி 2005ஆம் ஆண்டு புவிசார் குறியீட்டைப் பெற்றது.

சுங்குடிச் சேலையைப் பார்ப்பவர் கண்ணுக்குப் புள்ளிகள் தெரியும். அச்சேலையை அலசிய நீர் தெரியாது. எந்தச் சாயத்தொழிலிலும், துணியில் ஏறாமல் எஞ்சிய சாயமும், சாயத்தை ஏற்றுவதற்காகச் சேர்த்த பொருள்களும் அலசும் நீரோடு வெளியேறுகின்றன. தொழில் சிறியதாகவும், சாயம் செடிகொடிகளிலிருந்து கிடைத்ததாகவும் இருந்த காலத்தில் அந்நீரை மண் தாங்கிக்கொண்டது. தொழில் பெருகிச் சாயமும் மாறியபோது, அந்நீரைத் தூய்மை செய்யாமல் வெளியே விட முடியாத நிலை ஏற்பட்டது.

தெரியுமா?

1856ஆம் ஆண்டு, பதினெட்டு வயதினரான வில்லியம் பெர்க்கின், மலேரியாக் காய்ச்சலுக்குரிய கொய்னா மருந்தைச் செயற்கையாக உருவாக்க முயன்றபோது, எதிர்பாராத வகையில் ஊதா நிறச் சாயம் ஒன்றைக் கண்டறிந்தார். செயற்கைச் சாயங்களின் காலம் அதனோடு தொடங்கியது. 1897இல் செயற்கை அவுரிச் சாயம் செருமனியிலிருந்து சந்தைக்கு வந்தது. இந்தியாவில் அவுரி பயிரிடுதல் சரிந்தது. பருத்தி இழையோடு வேதிப்பிணைப்பு கொள்ளும் வினைபுரி சாயங்கள் 1956இல் விற்பனைக்கு வந்தன. இன்று பருத்தித் துணிக்குப் பெரிதும் பயன்படுபவை இவையே.

தேற்றாங்கொட்டை கற்பித்த பாடம்

மழைக்காலத்தில் ஆற்றுநீரும் கண்மாய் நீரும் செந்நிறமாய்க் கலங்கியிருக்கும். அந்நீரைக் குடத்தில் ஊற்றுவதற்கு முன், தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் தேய்ப்பது நம் முன்னோர் வழக்கம். சிறிது நேரத்தில் மண் அடியில் தங்க, மேலே தெளிந்த நீர் நிற்கும். இம்மரத்திற்கு இல்லம் என்னும் பெயரும் உண்டு. துன்பத்தால் கலங்கிய உள்ளம் தெளிவு பெறுவதற்கு, இவ்விதையால் தெளிந்த நீரைக் கலித்தொகை உவமையாக்குகிறது. புலவர் உவமையாக எடுத்தாளும் அளவுக்கு, கேட்போர் அனைவரும் அறிந்த வீட்டுச் செயலாக இது இருந்திருக்கிறது.

‘தேறு’ என்னும் வினைக்குத் தெளிதல் என்பது பொருள். ‘தேற்று’ என்பது தெளியச் செய்தல். ஒருவருக்குத் தேறுதல் கூறுகிறோம் என்றால், கலங்கிய அவர் மனத்தைத் தெளியச் செய்கிறோம் என்பதே பொருள். நீரைத் தெளிய வைத்த விதைக்கும் அவ்வினையே பெயராயிற்று.

நீர் ஏன் தானே தெளிவதில்லை?

ஒரு குவளை நீரில் மணலைப் போட்டுக் கலக்கினால், கலக்குவதை நிறுத்தியவுடன் மணல் அடியில் தங்கிவிடும். களிமண்ணைக் கலக்கினால், நாள் முழுதும் காத்திருந்தாலும் நீர் முற்றிலும் தெளியாது. களிமண் துகள்கள் மிகமிக நுண்ணியவை என்பது ஒரு காரணம். அத்துகள்களின் புறப்பரப்பில் எதிர்மின்சுமை இருப்பது மற்றொரு காரணம். ஒத்த மின்சுமைகள் ஒன்றையொன்று விலக்கும் என்பதால், துகள்கள் ஒன்றோடொன்று சேர்வதில்லை. சேராததால் எடை கூடுவதில்லை. எடை கூடாததால் அடியில் தங்குவதில்லை. நீரில் இவ்வாறு நுண்துகள்கள் பரவி நிற்கும் நிலையைக் கூழ்மம் என வேதியியல் வழங்குகிறது.

கூழ்மத்தைக் குலைக்க வேண்டுமாயின், துகள்களின் மின்சுமையைத் தணிக்க வேண்டும். அல்லது துகள்களுக்கு இடையே பாலம் அமைக்க வேண்டும். தேற்றாங்கொட்டையில் உள்ள நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் பாலம் அமைக்கும் பணியைச் செய்கின்றன. முருங்கை விதையில் உள்ள புரதங்கள் நேர்மின்சுமை உடையவை. அவை துகள்களின் எதிர்மின்சுமையைத் தணிக்கின்றன. கடையில் கிடைக்கும் படிகாரமும் நேர்மின்சுமையைத் தருவதே. படிகாரத்தில் உள்ள அலுமினியம் நீரில் மூன்று நேர்மின்சுமை கொண்ட அயனியாகப் பிரிகிறது. அயனியின் மின்சுமை எண் கூடக்கூடக் கூழ்மத்தைத் திரியச் செய்யும் ஆற்றலும் பன்மடங்காகக் கூடும் என்பது ஹார்டி–ஷூல்ஸ் விதி. உப்பின் சோடியத்தைக் காட்டிலும் படிகாரத்தின் அலுமினியம் மிகக் குறைந்த அளவிலேயே நீரைத் தெளிய வைப்பதற்கு இதுவே காரணம்.

முன்சுத்திகரிப்பின் படிநிலைகள்

சாயப்பட்டறைக் கழிவுநீரை இயல்பான நீராக மாற்றுவது ஒரே அடியில் முடியும் செயலன்று. நுண்ணுயிரிகளைக் கொண்டு செய்யும் சுத்திகரிப்புக்கு முன்னர், அந்நீரை அதற்கு ஏற்றதாக்கும் பணியே முன்சுத்திகரிப்பு. இது நான்கு படிநிலைகளில் நிகழ்கிறது.

முதலாவது, வடித்தலும் சமன்செய்தலும். நூல் துணுக்குகள் முதலிய திடப்பொருள்கள் கம்பித் தடுப்புகளால் வடிக்கப்படுகின்றன. பின்னர், நாளின் வெவ்வேறு நேரங்களில் வெவ்வேறு தன்மையுடன் வரும் நீர் அனைத்தும் ஒரு பெருந்தொட்டியில் சேர்க்கப்பட்டுக் கலக்கப்படுகிறது. காலையில் சிவப்பும் மாலையில் நீலமுமாக வரும் நீர், இங்கே ஒரே தன்மையுடைய நீராகிறது.

இரண்டாவது, நடுநிலையாக்கல். துணியை வெளுக்கவும், சாயத்தை இழையோடு பிணைக்கவும் காரப்பொருள்கள் பயன்படுவதால், சாயக் கழிவுநீர் பெரும்பாலும் காரத்தன்மை உடையதாகவே இருக்கும். அமிலம் சேர்த்து அதன் காரத்தன்மை குறைக்கப்படுகிறது. அமிலத்தன்மை மிகுந்த கழிவுநீராயின் சுண்ணாம்பு சேர்க்கப்படும். நீரின் அமில, காரத் தன்மையைக் குறிக்கும் பி.எச். மதிப்பு 7 ஆக இருந்தால் அந்நீர் நடுநிலையானது.

மூன்றாவது, திரியச் செய்தல். படிகார வகையைச் சேர்ந்த அலுமினியம் சல்பேட்டு, அல்லது நாட்டு மருந்துக் கடைகளில் அன்னபேதி என வழங்கும் இரும்பு சல்பேட்டும் சுண்ணாம்பும், தக்க அளவில் நீரில் சேர்க்கப்படுகின்றன. வேதிப்பொருள் நீர் முழுவதும் பரவ வேண்டும் என்பதால், இக்கட்டத்தில் நீர் விரைவாகக் கலக்கப்படுகிறது. துகள்களின் மின்சுமை தணிகிறது. உலோக ஐதராக்சைடுகள் பஞ்சு போன்ற வீழ்படிவாக உருவாகின்றன.

நான்காவது, திரட்டலும் படியவைத்தலும். இப்போது நீரை மெதுவாகக் கலக்க வேண்டும். விரைந்து கலக்கினால் உருவான திரள்கள் உடைந்துவிடும். கலக்காமல் விட்டால் துகள்கள் ஒன்றையொன்று சந்திக்கா. மெல்லக் கலக்கும்போது நுண்துகள்கள் சேர்ந்து, சாயத்தின் பெரும்பகுதியையும் தம்மோடு பற்றிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் திரள்களாகின்றன. அசைவற்ற தொட்டிக்கு நீர் சென்றதும் அத்திரள்கள் கசடாக அடியில் படிகின்றன.

தெரிந்து தெளிவோம்

எவ்வளவு வேதிப்பொருள் சேர்க்க வேண்டும் என்பதை எப்படி அறிவது? ஒரே கழிவுநீரை ஆறு குவளைகளில் எடுத்து, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு படிகாரக் கரைசலைச் சேர்ப்பர். ஆறையும் ஒரே வேகத்தில் முதலில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் கலக்கி, அரைமணி நேரம் அசையாமல் வைப்பர். எக்குவளையில் குறைந்த அளவு படிகாரத்தால் நீர் நன்கு தெளிந்துள்ளதோ, அதுவே உரிய அளவாகும். இதற்குக் குவளைச் சோதனை என்று பெயர். படிகாரம் குறைந்தால் நீர் தெளியாது. மிகுந்தால் துகள்கள் நேர்மின்சுமை பெற்று மீண்டும் ஒன்றையொன்று விலக்கும். அளவுக்கு மிஞ்சினால் மருந்தும் பயன்தராது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

‘முன்’ என்பதன் பொருள்

சாயப்பட்டறைக்கு மட்டும் உரிய முறையன்று இது. பார்லி தானியத்தைக் கொண்டு பீர் வடிக்கும் ஆலைகள், பால் பதப்படுத்தும் நிலையங்கள், நெல் அவித்து அரைக்கும் ஆலைகள் ஆகிய அனைத்திலும் இதன் தேவை உண்டு. பீர் ஆலையின் கழிவுநீரில் நச்சுச் சாயம் ஏதுமில்லை. சர்க்கரையும் மாவுச்சத்தும் புரதமும் நொதியீஸ்ட்டுமே மிகுதி. இவை அனைத்தும் நுண்ணுயிரிகளின் உணவாகும். அவ்வாறாயின் நேரடியாகவே நுண்ணுயிரிகளிடம் அந்நீரை ஒப்படைத்துவிடலாமே என்று தோன்றும்.

அங்குதான் சிக்கல் எழுகிறது. ஆலையின் கலன்களையும் புட்டிகளையும் எரிசோடாக் கரைசலாலும் அமிலத்தாலும் மாறிமாறிக் கழுவுவர். எனவே, ஒரு நேரம் கடுங்காரமாகவும் மறுநேரம் அமிலமாகவும் கழிவுநீர் வெளிவரும். மீத்தேன் வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிரிகளோ நடுநிலையை ஒட்டிய நீரில்தான் உயிர்வாழும். காரநீர் ஒருமுறை உட்புகுந்தாலும் அவை மடிந்துபோகும். மீண்டும் அவற்றைப் பெருக்க வாரக்கணக்கில் ஆகும். எனவே, சமன்செய் தொட்டியில் காரநீரும் அமிலநீரும் ஒன்றையொன்று தணிக்குமாறு கலந்து, எஞ்சிய குறையை வேதிப்பொருளால் நிறைவுசெய்து, உமியையும் நொதியையும் பிரித்த பின்னரே அந்நீர் நுண்ணுயிரிகளிடம் செல்கிறது. உழவர் விதைப்பதற்கு முன் நிலத்தைப் பண்படுத்துவதை ஒத்தது முன்சுத்திகரிப்பு. பண்படுத்தல் மட்டுமே விளைச்சல் ஆகாது என்பதையும் அவ்வுவமை நினைவூட்டும்.

தெளிந்த நீரில் மறைந்திருப்பது

முன்சுத்திகரிப்பு முடிந்த சாயநீரைக் கண்ணாடிக் குவளையில் எடுத்துப் பார்த்தால், நிறம் பெரிதும் மறைந்திருக்கும். ஆனால், அந்நீரில் உப்பு இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது, வடிகட்டியில் தங்காது, படிகாரத்தால் திரியாது. கூழ்மத் துகள்களைப் பிரிக்க வல்ல வேதிமுறை, முழுதும் கரைந்துவிட்ட சோடியம் உப்புகளின் முன் செயலற்றுப் போகிறது. நுண்ணுயிரிகளாலும் அவ்வுப்பை உண்ண இயலாது.

உப்பு எங்கிருந்து வந்தது? பருத்தி இழையும் சாயமும் நீரில் எதிர்மின்சுமை உடையவை. அவை ஒன்றையொன்று விலக்காமல் நெருங்குவதற்காகச் சாயத்தொட்டியில் சமையல் உப்போ சோடியம் சல்பேட்டோ சேர்க்கப்படுகிறது. சாயத்தின் பெரும்பகுதி துணியில் தங்குகிறது. உப்போ துணியில் தங்குவதே இல்லை. சேர்த்த உப்பு முழுவதும் கழிவுநீரில் வந்து சேர்கிறது. நடுநிலையாக்கலும் தன் பங்குக்கு உப்பைக் கூட்டுகிறது. 80 கிராம் எரிசோடாவைக் கந்தக அமிலத்தால் நடுநிலையாக்கினால், 142 கிராம் சோடியம் சல்பேட்டு உருவாகும். காரம் நீங்கியது, ஆனால் உப்பு பிறந்தது.

இதன் அளவை ஒரு கணக்கால் உணரலாம். 100 லிட்டர் கொள்ளும் சாயத்தொட்டியில் லிட்டருக்கு 50 கிராம் வீதம் உப்பு சேர்ப்பதாகக் கொள்வோம். மொத்த உப்பு 5 கிலோகிராம். ஆற்றில் விடப்படும் கழிவுநீரில் கரைந்த திடப்பொருள்கள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது வரையறை. அந்த ஒரு தொட்டி நீர் இவ்வரையறைக்குள் வரவேண்டுமாயின், உப்பே இல்லாத நீர் ஏறத்தாழ 2,280 லிட்டர் அதனோடு சேரவேண்டும். கோடையில் நீரோட்டமின்றி மணலாகக் கிடக்கும் வைகை போன்ற ஆற்றில் அத்துணை நீருக்கு எங்கே போவது? கிடைத்தாலும், நல்ல நீரைக் கெடுத்துக் கழிவின் செறிவைக் குறைத்துக் காட்டுவது சுத்திகரிப்பு ஆகாது.

உவர்நீர் கண்மாயில் தேங்கினால் நிலை மேலும் கடுமையாகும். வெயிலில் நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆண்டுதோறும் செறிவு கூடும். அந்நீர் பாய்ந்த வயலில் சோடியம் மிகுந்து, களிமண்ணின் கட்டமைப்பு குலைந்து, நீரும் காற்றும் புகாதவாறு மண் இறுகும். வேர் நீரை உறிஞ்ச இயலாமல் ஈரமான நிலத்திலேயே பயிர் வாடும்.

கிணறுகள் சொன்ன சான்று

இது வெறும் அச்சமன்று, நிகழ்ந்தது. 1985 வரை மதுரை மாவட்டத்தின் பகுதியாக இருந்த திண்டுக்கல், தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்பெற்றது. தோல் கெடாமல் இருக்க உப்பிடப்படுவதால், அத்தொழிலின் கழிவுநீரிலும் உப்பு மிகும். திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களைச் சார்ந்த 13 ஊர்களில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய ஆய்வில், குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளுள் 350 மாசடைந்திருந்தமை தெரியவந்தது. தோல் தொழிலகங்களால் பாலாறு சீர்கெட்டதை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் வழங்கிய தீர்ப்பு இவ்வாய்வை எடுத்துக்காட்டுகிறது. வருமுன் காத்தல், மாசுபடுத்தியவரே ஈடுசெய்தல் என்னும் இரு நெறிகளையும் நாட்டின் சட்டத்தோடு இணைந்தவை என அத்தீர்ப்பு நிலைநாட்டியது.

சாயத்தொழிலைப் பொறுத்தவரை, பெரும்பாடம் நொய்யலாற்றில் கிடைத்தது. வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் கோவை, திருப்பூர் வழியே சென்று காவிரியில் கலக்கும் ஆறு இது. திருப்பூரின் பின்னலாடைத் தொழில் உலகச் சந்தையைப் பிடித்தபோது, சாயப்பட்டறைகள் பெருகின. பாசனத்துக்கென நொய்யலின் குறுக்கே, சென்னிமலைக்கு அருகில், ஒரத்துப்பாளையம் அணை கட்டப்பட்டு 1992இல் பயன்பாட்டுக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே அவ்வணை சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. சுற்றியுள்ள கிணறுகள் உவர்த்தன. எந்த உழவருக்காக அணை கட்டப்பட்டதோ, அவர்களே அதன் நீர் தங்கள் வயலுக்கு வரவேண்டாம் என்று கூறும் நிலை உண்டாயிற்று.

அந்நாளில் அங்குச் சுத்திகரிப்பு முற்றிலும் இல்லாமலில்லை. பல பட்டறைகள் இணைந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்திருந்தன. சுண்ணாம்பும் அன்னபேதியும் சேர்த்து அங்கே நிறம் நீக்கப்பட்டது. நிறம் குறைந்த நீர் ஆற்றுக்குச் சென்றது. உப்பும் அதனோடு சென்றது. தெளிவையே தூய்மை எனக் கொண்டதன் விளைவை ஒரத்துப்பாளையம் காட்டியது.

நொய்யல் ஆயக்கட்டு உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். கழிவுநீர் சிறிதும் வெளியேறாத நிலையை எய்த வேண்டும் எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் ஆணையிட்டது. அந்நிலை முழுமையாக எட்டப்படாமையால், 2011 சனவரி 28 அன்று திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. உழவரின் நீண்ட துயருக்கு விடிவு பிறந்த அந்நாள், பட்டறைகளில் நாட்கூலி பெற்று வாழ்ந்த பல்லாயிரம் தொழிலாளருக்கு வேலையிழப்பின் நாளாயிற்று. ஆற்றைக் காப்பதும் தொழிலைக் காப்பதும் இருவேறு செயல்களாகப் பிரிந்து நிற்பின், இருபாலாரும் இழப்பர் என்பதே இந்நிகழ்வு உணர்த்தும் உண்மை.

வெளியேற்றம் இல்லா நிலை

இதன்பின் திருப்பூர் புதிய முறைக்கு மாறியது. முன்சுத்திகரிப்பும் நுண்ணுயிர்ச் சுத்திகரிப்பும் முடிந்த நீர், எதிர்ச் சவ்வூடு பரவல் முறைக்கு உட்படுத்தப்படுகிறது. மிகுந்த அழுத்தத்தில் நீர் நுண்சவ்வின் வழியே செலுத்தப்படும்போது, நீர் கடந்து செல்லும், உப்பு தங்கிவிடும். கிடைக்கும் நல்ல நீர் மீண்டும் சாயத்தொட்டிக்கே செல்கிறது. எஞ்சிய உவர்நீர் கொதிகலன்களில் ஆவியாக்கப்பட்டு, உப்பு பிரித்தெடுக்கப்படுகிறது. அவ்வுப்பும் மீண்டும் சாயமிடப் பயன்படுகிறது. ஆற்றுக்குக் கேடாக இருந்த உப்பு, தொழிலுக்கு மூலப்பொருளாகத் திரும்புகிறது.

இம்முறையிலும் முன்சுத்திகரிப்பின் இடம் குறையவில்லை. அதன் பொறுப்பு கூடியே உள்ளது. கூழ்மத் துகள்கள் சரிவர நீக்கப்படாவிடின், விலைமிக்க சவ்வின் நுண்துளைகள் அடைபட்டுவிடும். தேற்றாங்கொட்டையின் வேலையைச் செம்மையாகச் செய்தால்தான் சவ்வின் வேலை நடக்கும்.

எனினும் இதற்கும் விலை உண்டு. ஆவியாக்க மிகுந்த வெப்பமும், அழுத்தம் தர மின்னாற்றலும் தேவை. வேதிப்பொருளால் படிந்த கசடு குவிகிறது; அதனைத் திறந்தவெளியில் கொட்டினால், மழைநீர் அதிலுள்ளவற்றை மீண்டும் நிலத்துக்குள் இறக்கிவிடும். எனவே, அக்கசடு பாதுகாப்பான இடங்களில் சேமிக்கப்படுகிறது. சிமெண்டு ஆலைகளின் உலைகளுக்கும் அனுப்பப்படுகிறது. நீரிலிருந்து நீக்கிய எதுவும் உலகிலிருந்து நீங்கிவிடுவதில்லை; அது இடம் மாறியிருக்கிறது. ஆகவே, உப்பும் நீரும் குறைவாகத் தேவைப்படும் சாயமுறைகளைத் தேடுவதே சுத்திகரிப்பினும் சிறந்த வழியாகும்.

மீண்டும் வைகைக்கு

மதுரைக்குள் ஒருகாலத்தில் தெளிந்த நீரோடு ஓடிய கிருதுமால் நதி, இன்று கழிவுநீர் வாய்க்காலாகக் காட்சியளிக்கிறது. வைகையும் நகரைக் கடக்கும்போது கலங்குகிறது. மதுரைக்குக் கீழே, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களின் கண்மாய்கள் அதன் நீரை எதிர்நோக்கி இருக்கின்றன. மேல்மடையில் இருப்பவர் கீழ்மடையாரை நினைந்து நீரைப் பயன்படுத்த வேண்டும் என்பது கண்மாய்ப் பாசனத்தின் பழைய முறைமை. அம்முறைமை நீரின் அளவுக்கு மட்டுமன்றி அதன் தன்மைக்கும் பொருந்தும்.

சுங்குடிச் சேலையின் வெண்புள்ளி, சாயம் புகாதவாறு ஒருவர் கையால் இறுக்கிக் காத்த இடம். ஆறும் அவ்வாறே காக்கப்பட வேண்டியது. கழிவுநீரைத் தெளிய வைப்பது முதற்படி. அத்தெளிவுக்குள் கரைந்து நிற்பது என்ன என்று கேட்பது அடுத்த படி. குடத்து நீரைத் தெளிய வைக்க விதையைக் கண்டறிந்த மரபுக்கு, அவ்வினாவை எழுப்பும் கடமையும் உண்டு.

கற்பவை கற்றபின்

1. இரண்டு கண்ணாடிக் குவளைகளில் களிமண் கலந்த நீரை எடுத்துக்கொள்க. ஒன்றில் மட்டும் சிறிதளவு படிகாரப் பொடியைச் சேர்த்துக் கலக்குக. அரைமணி நேரத்துக்குப்பின் இரண்டிலும் காணும் வேறுபாட்டைக் காரணத்துடன் எழுதுக. (இந்நீரைப் பருகுதல் கூடாது.)

2. உப்புக் கரைசலில் படிகாரம் சேர்த்து வடிகட்டியபின், வடிநீரில் சில துளிகளைக் கரண்டியில் இட்டு ஆசிரியர் முன்னிலையில் சூடாக்குக. கரண்டியில் எஞ்சுவது எது? இதிலிருந்து நீவிர் அறிவது யாது?

3. உங்கள் ஊரிலுள்ள கண்மாய் அல்லது ஆற்றின் நீர், முப்பது ஆண்டுகளுக்கு முன் எவ்வாறு இருந்தது என்பதை முதியவர்களிடம் கேட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

கலைச்சொல் விளக்கம்

கூழ்மம் – நுண்துகள்கள் படியாமல் நீரில் பரவி நிற்கும் நிலை.
திரிதல் – கூழ்மத் துகள்கள் மின்சுமை தணிந்து ஒன்றுசேரும் நிகழ்வு.
கசடு – சுத்திகரிப்பில் அடியில் படியும் பொருள்.
ஆயக்கட்டு – ஒரு நீர்நிலையால் பாசனம் பெறும் நிலப்பரப்பு.

இலக்கணக் குறிப்பு

தெளிந்த நீர் – பெயரெச்சம்
கெடாமல் – எதிர்மறை வினையெச்சம்
கலித்தொகை, பரிபாடல் – பெயர்ச்சொற்கள்
மிகமிக – அடுக்குத்தொடர்

பகுபத உறுப்பிலக்கணம்

தெளிந்த – தெளி + த்(ந்) + த் + அ
தெளி – பகுதி. த் – சந்தி, ந் ஆனது விகாரம். த் – இறந்தகால இடைநிலை. அ – பெயரெச்ச விகுதி.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. சாயக் கழிவுநீரில் படிகாரம் சேர்த்தபின்னும் நீங்காமல் இருப்பது
அ) களிமண் துகள் ஆ) கரைந்த உப்பு இ) நூல் துணுக்கு ஈ) கூழ்மச் சாயம்

2. ஒரத்துப்பாளையம் அணை அமைந்துள்ள ஆறு
அ) வைகை ஆ) பாலாறு இ) நொய்யல் ஈ) காவிரி

குறுவினா

1. தேற்றாங்கொட்டை என்னும் பெயரின் பொருத்தத்தை விளக்குக.
2. கூழ்மத் துகள்கள் தாமே படியாமைக்கான காரணங்கள் யாவை?

சிறுவினா

1. பீர் ஆலையின் கழிவுநீரை நேரடியாக நுண்ணுயிரிகளிடம் செலுத்த இயலாமைக்குக் காரணம் என்ன?
2. ‘காரம் நீங்கியது, ஆனால் உப்பு பிறந்தது’ – இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக.

நெடுவினா

தெளிவு வேறு, தூய்மை வேறு என்பதைத் திண்டுக்கல், நொய்யல் நிகழ்வுகளைக் கொண்டு நிறுவுக. தொழிலும் ஆறும் ஒருங்கே வாழ்வதற்கான வழிகளைக் கட்டுரையாக்குக.